பதினொரு குழாய்கள்

பவானி ரிசல்ட் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டே வந்தவள் ஐந்தாவது தாளில் நின்றாள். திரும்ப முதல் தாளுக்குப் போனாள்.

“என்னா லோகா இது, இந்த வாட்டி எல்லாருக்கும் எறங்கியிருக்கு?”

பவானி எங்கள் சிதம்பரம் எச்.ஐ.வி. சிகிச்சை மையத்தின் ஆலோசகர். நான் களப்பணியாளர். மாத்திரை வாங்க வராதவர்களை வீடு தேடிப் போய்ப் பார்ப்பது என் வேலை. மாதத்தில் இரண்டு நாள், சிதம்பரத்தில் எடுக்கிற ரத்தத்தைப் பெட்டியில் வைத்துப் பஸ்ஸில் கடலூர் லேபுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பதும் என் வேலைதான். எனக்கும் எச்.ஐ.வி. இருக்கிறது, பன்னிரண்டு வருடமாக. அன்று வந்திருந்த பதினொரு தாள்களில் ஒன்று என்னுடையது.

“வெயிலு ஜாஸ்தி இல்ல? எல்லாருக்கும் ஒடம்பு வாடிப்போயிருக்கும்” என்றேன்.

எவ்வளவு சுலபமாக அது வாயில் வந்தது என்று பிறகு பல முறை யோசித்தேன். அந்த நொடியில் எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லிக்கொள்ளவும் முடியவில்லை. கை ஏற்கனவே சில்லிட்டிருந்தது.

சி.டி.4 என்பது ரத்தத்தில் உள்ள ஒரு வகை வெள்ளணு. உடம்புக்குள் நோய் வந்தால் மற்ற அணுக்களை எழுப்பி வேலை வாங்குவது அதுதான். எச்.ஐ.வி. முதலில் அழிப்பது அதைத்தான். கடுகளவுகூட இல்லாத ஒரு துளியில் அவை எத்தனை என்று மெஷின் எண்ணிச் சொல்லும். நல்ல உடம்பில் ஐந்நூறுக்கு மேல் இருக்கும். இருநூறுக்குக் கீழே போனால் சாதாரணச் சளிகூடப் பயம். மாத்திரை வைரஸை அடக்கினால் இந்த எண் மெதுவாக ஏறும். ஒருவருக்கு ஆறு மாதத்தில் ஏறும், ஒருவருக்கு ஆறு வருடம் ஆகும். எங்களோடு இருக்கிறவர்களில் தன் பிறந்த தேதியை மறந்தவர்கள் உண்டு. தன் சி.டி.4 எண்ணை மறந்தவர் ஒருவரையும் நான் பார்த்ததில்லை.

போன முறை எனக்கு நானூற்று இரண்டு. அதை எட்டவே எனக்குப் பன்னிரண்டு வருடம் பிடித்தது. தொடர்ந்து இரண்டு முறை முந்நூற்றைம்பதைத் தாண்டிவிட்டால் எங்கள் மையத்தில் இந்தச் சோதனையையே நிறுத்திவிடுவார்கள். இது என் இரண்டாவது முறை.

தாளில் நூற்று எண்பத்தெட்டு என்று இருந்தது.

நான் தேவனாம்பட்டினத்துப் பெண். அம்மா மீன் விற்றவள், அவளுடைய அம்மாவும் மீன் விற்றவள். வெயிலில் எதைக் கொண்டுபோனாலும் ஐஸ் போட்டுத்தான் கொண்டுபோக வேண்டும் என்று யாரும் எனக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை. அது கைக்கே தெரியும். இரண்டு வாரத்துக்கு முன்பு பெரியப்பட்டு தாண்டி பஸ் நின்றுவிட்டது. டிரைவர் இறங்கி என்ஜினைப் பார்த்தார், கண்டக்டர் அவரைப் பார்த்தார். பின்னால் வந்த பஸ்களில் ஏற இடமில்லை. ஒரு மணி நேரம் ரோட்டோரம் உட்கார்ந்திருந்தேன். மடியில் பெட்டி, அதற்குள் சின்னச் சின்னக் குழாய்களில் பதினொரு பேருடைய ரத்தம். மே மாத வெயில் பெட்டியின் மூடியைத் தொட முடியாமல் ஆக்கியிருந்தது. அப்போது டி.வி.எஸ்.ஸில் ஒரு மீன்காரர் வந்தார். நிறுத்தி, “அண்ணே, ரெண்டு கை ஐஸ் குடுங்கண்ணே” என்றேன். நொறுக்கிய ஐஸ். தண்ணீர் கசியாமல் பிளாஸ்டிக் கவரில் கட்டி, குழாய்களுக்கு நடுவில் செருகினேன். மீனுக்குச் செய்கிற மாதிரி கீழே கொஞ்சம், மேலே கொஞ்சம்.

பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். இந்த ரத்தத்தை அறையின் வெப்பத்தில்தான் வைக்க வேண்டும், ஐஸ் படக்கூடாது, குளிரில் அணுக்கள் கெட்டுப்போகும், எண்ணிக்கை தப்பாக வரும் என்று. நோட்டில் எழுதியும் வைத்திருந்தேன். ஆனால் ரோட்டோரத்தில் நோட்டு ஞாபகம் வரவில்லை.

இதுவரைக்கும் நடந்ததை யாரிடமும் சொல்லிவிடலாம். வெயில், பஸ், பதற்றம் என்று சொன்னால் யாரும் புரிந்துகொள்வார்கள். என்னால் சொல்ல முடியாதது அடுத்து நடந்தது. கடலூரில் லேப் வாசலுக்குப் போனதும் கவரை எடுத்துச் சாக்கடையில் எறிந்தேன். புடவைத் தலைப்பால் குழாய்களைத் துடைத்தேன். பெட்டியின் உள்பக்கத்தையும் துடைத்தேன். நல்லது செய்தோம் என்று நினைத்திருந்தால் ஏன் துடைத்தேன்? ஞாபகம் வந்துவிட்டது என்றுதானே அர்த்தம்? அல்லது ஞாபகம் போகவே இல்லையோ? ரோட்டோரத்தில் ஐஸ் கேட்டபோதே எங்கோ ஒரு மூலையில் அந்த நோட்டின் பக்கம் திறந்திருந்ததோ? எத்தனை முறை கேட்டுப் பார்த்தாலும் என்னிடமிருந்து ஒரே பதில் வரவில்லை.

பவானி அடுத்த தாளை எடுத்து, “வெண்மதிக்கு எழுவத்தொண்ணு” என்றாள். “பாவம். வெளியதான் ஒக்காந்திருக்கு.”

வெண்மதிக்கு இருபத்து நான்கு வயது. கணவன் போன வருடம் இதே நோயில் இறந்தான். அதற்கப்புறம்தான் அவளைச் சோதித்தார்கள். மாத்திரை தொடங்கும்போது எண் நூற்றுப் பதினெட்டு. எட்டு மாதமாக ஒரு நாளும் தவறவில்லை. அவளுடைய அண்ணன் எழிலன் சேத்தியாத்தோப்பில் லோடு ஆட்டோ ஓட்டுகிறான். மாதாமாதம் அவன்தான் அழைத்து வருவான். மாத்திரை போட்ட நேரத்தைக்கூடத் தன் போனில் குறித்து வைத்திருப்பான்.

இருவரையும் உள்ளே கூப்பிட்டுப் பவானி எண்ணைச் சொன்னதும் எழிலன் போனை எடுத்துப் பார்த்தான்.

“நூத்திப் பதினெட்டுலேர்ந்து எழுவத்தொண்ணு. எட்டு மாசம் மாத்திர தின்னு எறங்கியிருக்கு. ஏங்க, இது ஏத்தற மாத்திரையா, எறக்கற மாத்திரையா?”

“தம்பி, சில பேருக்கு மெதுவாத்தான் ஏறும். வைரல் லோடுன்னு இன்னொரு டெஸ்ட் இருக்கு, ரத்தத்துல வைரஸ் எவ்ளோன்னு பாக்கறது. மாத்திர வேல செய்யிதான்னு அதுலதான் சரியா தெரியும். அதையும் எடுத்துடலாம்” என்றாள் பவானி.

“ஆறாவது மாசம் எடுத்ததுக்கே இன்னும் ரிசல்ட் வரலன்னீங்க. இப்ப இன்னொண்ணா?” அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சமாளிக்கத் தெரியும். “மங்கலம்பேட்டப் பக்கம் ஒருத்தரு லேகியம் குடுக்கறாரு. இங்கிலீஷ் மாத்திரைய நிறுத்திட்டு வான்னாரு. நாந்தான் இந்த நம்பரு வரட்டும்னு இருந்தேன். நம்பரு வந்துடுச்சி.”

வெண்மதி என்னைப் பார்த்தாள். அவளுக்கு முதல் மாதம் வாந்தி வந்தபோது நான்தான் அவள் வீட்டுக்குப் போய் உட்கார்ந்திருந்தேன். இப்போது நான் ஏதாவது சொல்வேன் என்று அவள் பார்ப்பது தெரிந்தது. நான் மேஜையில் இருந்த தாள்களை அடுக்கினேன். அடுக்கியிருந்ததைக் கலைத்து மறுபடியும் அடுக்கினேன். அவர்கள் போய்விட்டார்கள்.

கடலூரில் இருக்கிற என் வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் என் மனம் செய்த வேலையை எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஐஸால்தான் எண் இறங்கியது என்றால் நான் குற்றவாளி, ஆனால் என் உடம்பு நன்றாக இருக்கிறது. ஐஸால் இல்லை என்றால் நான் யாருக்கும் ஒன்றும் செய்யவில்லை, ஆனால் என் உடம்பு இறங்கிக்கொண்டிருக்கிறது. ஆலப்பாக்கம் வருகிறவரை நான் குற்றவாளியாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தேன். அதற்கப்புறம்தான் உறைத்தது. அந்த வேண்டுதலில் வெண்மதி இல்லை. மற்ற ஒன்பது பேரும் இல்லை. நான் மட்டும் இருந்தேன்.

என் கணவர் பழனிவேல் கடலூர் ஓ.டி.யில், அதாவது ஓல்டு டவுனில், லேத் பட்டறையில் வேலை செய்கிறார். அவருக்கும் எச்.ஐ.வி. உண்டு. கடைசியாக அவருடைய எண் ஐந்நூற்று அறுபது. அதற்கப்புறம் அவருக்குச் சோதனையை நிறுத்திவிட்டார்கள். “நான் பாஸாயி வெளிய வந்துட்டேன், நீ இன்னும் அரியர் எழுதிக்கினு இருக்க” என்று கிண்டல் செய்வார். அன்று சாப்பிட உட்கார்ந்ததும், “என்னா மார்க்கு?” என்றார்.

சொன்னேன். கையில் எடுத்த சோற்றைத் தட்டிலேயே வைத்தார். பிறகு ஐஸைப் பற்றிச் சொன்னேன். முகம் தெளிந்துவிட்டது.

“அடிப்பாவி, அதான் விசியமா! நான் பயந்தே பூட்டேன். அப்பன்னா ஒனக்கு ஒண்ணுமில்ல.”

“மத்தவங்களுக்கு?”

“அவுங்களுக்கும்தான் ஒண்ணுமில்ல. நம்பருதானே தப்பு, ஒடம்பு நல்லாதானே கீது? ஆறு மாசத்துல மறுபடி எடுப்பாங்க, ஏறிக்கும். நீ வாயத் தொறந்தின்னா வேலையும் போவும், ஒன்ன நம்பி வர்றவனும் வரமாட்டான். சும்மா கெட.”

அவர் என்மேல் உள்ள பிரியத்தில்தான் பேசினார். எனக்கும் அது வசதியாக இருந்தது. புதன்கிழமை சும்மா இருந்தேன். வியாழக்கிழமை சும்மா இருந்தேன். நான் யாருக்கும் தீங்கு நினைக்கவில்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அது உண்மைதான். ஆனால் அந்த இரண்டு நாளும் சேத்தியாத்தோப்பில் ஒரு பெண் மாத்திரை போடுகிறாளா இல்லையா என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஒரு போன் போதும். அதையும் நான் செய்யவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் செய்தேன். எழிலன்தான் எடுத்தான். “அதெல்லாம் நிறுத்தியாச்சிக்கா. செவ்வாக்கெழமயோட செரி. இனிமே நீங்க போன் பண்ணாதீங்க, வரவும் வராதீங்க” என்று வைத்துவிட்டான்.

மையத்தின் டாக்டர் சத்யப்பிரியா என்னைவிடப் பத்து வயது சிறியவர். நான் சொல்லி முடிக்கிறவரை பேனாவைக் கீழே வைக்காமல் கேட்டார்.

“ஐஸ் எவ்ளோ நேரம் இருந்தது?”

“ரெண்டு மணி நேரம் இருக்கும் டாக்டர்.”

“லேப்ல குடுக்கும்போது சொன்னீங்களா?”

“இல்ல. தொடச்சிட்டுக் குடுத்தேன்.”

அவர் பேனாவை மூடினார். “தொடைக்காம குடுத்திருந்தா அவங்களே ரிஜெக்ட் பண்ணியிருப்பாங்க. குழாயத் தொட்டதும் தெரிஞ்சிருக்கும்.” பதினொரு தாள்களையும் எடுத்து வரிசையாக வைத்தார். “ஐஸ்னாலதான் எறங்குச்சின்னு இப்ப நான் சொல்ல முடியாது. ஆனா இந்தப் பதினொண்ணையும் நம்ப முடியாது. எல்லாருக்கும் மறுபடி எடுக்கணும். நீங்களே கூப்பிடுங்க. காரணத்த மறைக்காம சொல்லுங்க. பெட்டிய இனிமே நீங்க எடுக்க வேணாம். வேலையப் பத்தி மேல எழுதித்தான் கேக்கணும்.”

ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். ஒருவர் சிரித்தார். ஒருவர் அழுதார், நிம்மதியில். ஒரு பெரியவர், “எம்மா, நாலு நாளா நான் உயிலு எழுதலாமான்னு யோசிச்சிக்கினு இருக்கேன், நீ இன்னா சாவகாசமா சொல்ற” என்றார். ஒன்பது பேரும் வருவதாகச் சொன்னார்கள். வெண்மதியின் போன் அணைந்திருந்தது. மத்தியானம் சேத்தியாத்தோப்புக்குப் பஸ் ஏறினேன்.

வீட்டு வாசலில் எழிலன் ஆட்டோவைக் கழுவிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் குழாயை நிறுத்தினான்.

“நாந்தான் சொன்னேனே வராதீங்கன்னு.”

“தம்பி, அந்த எழுவத்தொண்ணு தப்பா இருக்கலாம். தப்பு எம்மேல.” நின்றபடியே சொன்னேன். பஸ், ஐஸ், துடைத்தது வரைக்கும் சொன்னேன். வெண்மதி உள்ளிருந்து வந்து நிலைப்படியில் நின்றாள். மூன்று நாளில் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

எழிலன் ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டான். “செவ்வாக்கெழம நாங்க ஒக்காந்திருந்தப்ப இது ஒங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?”

“தெரியும்.”

“தெரிஞ்சும் வாயத் தொறக்கல.”

“தொறக்கல.”

“இப்ப வந்து எழுவத்தொண்ணு தப்புங்கறீங்க. நாளைக்கி இன்னொரு நம்பரு சொல்லுவீங்க. அதுல யாரு ஐஸ் வெச்சாங்கன்னு நான் எங்க போயி கேக்கறது? அந்த நூத்திப் பதினெட்டே செரியான்னு எனக்கு எப்பிடித் தெரியும்?”

அவன் கேட்டது நியாயம். வழியெல்லாம் நான் தயார் செய்து வந்த சொற்கள் எல்லாம் எண்ணைப் பற்றியவை. காய்ச்சல் வந்தால் இறங்கும், தூக்கம் கெட்டால் இறங்கும், காலையில் எடுத்தால் ஒன்று சாயங்காலம் எடுத்தால் ஒன்று, மெஷினுக்கு மெஷின் மாறும், ஒரு எண்ணை வைத்து முடிவு செய்யக் கூடாது, இரண்டு மூன்றை வரிசையாக வைத்துப் பார்க்க வேண்டும். எல்லாம் உண்மை. ஆனால் அதை அவனிடம் சொல்லும் தகுதியை நான் செவ்வாய்க்கிழமை இழந்துவிட்டேன்.

“அந்தப் பொட்டியில என் ரத்தமும் இருந்துச்சி” என்றேன்.

எழிலன் புரியாமல் பார்த்தான். களப்பணியாளர்களில் யாருக்கு நோய் இருக்கிறது என்று நாங்கள் எல்லாரிடமும் சொல்வதில்லை. வெண்மதிக்கும் அதுவரை தெரியாது.

“எனக்குப் பன்னெண்டு வருசமா இருக்கு. போன வாட்டி நானூத்தி ரெண்டு. இந்த வாட்டி நூத்தி எம்பத்தெட்டு. ஐஸ்னால எறங்குச்சா, நெஜமாவே எறங்குச்சான்னு எனக்கும் தெரியாது. ஒந்தங்கச்சிக்கும் அதான். எழுவத்தொண்ணு தப்புன்னு சத்தியம் பண்ண நான் வரல.”

“பின்ன எதுக்கு வந்தீங்க?”

“நம்பரு எறங்கிடுச்சின்னு நான் மாத்திரைய நிறுத்தல. தப்பான நம்பரா இருந்தா நிறுத்தவே தேவையில்ல. செரியான நம்பரா இருந்தா நிறுத்தவே கூடாது, டாக்டரு வேற மாத்திர மாத்துவாங்க. ரெண்டுல எதுவா இருந்தாலும் நிறுத்தறதுக்குக் காரணம் இல்ல தம்பி. இது ஒண்ணுதான் எனக்குத் தெரியும்.”

பேசி முடித்த பிறகுதான் நான் சொன்னதை நானே கேட்டேன். மூன்று நாளாக என் எண்ணை வைத்து நான் தவித்ததற்கும் அதுவே பதில் என்று அப்போது பட்டது. பட்டதே தவிர, பயம் குறையவில்லை.

எழிலன் குழாயைத் திறந்து ஆட்டோ சக்கரத்தில் தண்ணீர் அடிக்கத் தொடங்கினான். வெண்மதிதான் பேசினாள்.

“லேகியம் கசக்குதுண்ணா.”

“மருந்துன்னா கசக்கத்தான் செய்யும்.”

“அதுக்கில்ல. மாத்திரையத் தின்னா இந்த அக்காவோட டாக்டரு, லேகியத்தத் தின்னா ஒன்னோட வைத்தியரு. எல்லாரும் எம்மேலதான் பரிட்ச வெக்கிறீங்க. என்னைய யாரும் கேக்கல.” நிலைப்படியை விட்டு இறங்கி வந்தாள். “எட்டு மாசமா அந்த மாத்திர தின்னேன்ல? வாய்ப்புண்ணு போச்சி. நாலு கிலோ ஏறியிருக்கேன். அத எந்த நம்பருலயும் யாரும் எழுதல. நான் திங்கள்கெழம ரத்தம் குடுக்கப் போறேன். நீ கூட்டிக்கினு போனாலும் செரி, பஸ்ல போனாலும் செரி.”

உள்ளே போனாள். மாத்திரை டப்பா திறக்கிற சத்தமும் தண்ணீர் ஊற்றுகிற சத்தமும் கேட்டன. எழிலன் போனை எடுத்து நேரத்தைப் பார்த்தான். குறித்தானா என்று தெரியவில்லை. என்னைப் பார்க்காமலே, “பஸ்ஸு அஞ்சு மணிக்கிதான்” என்றான்.

திங்கள்கிழமை பதினொரு பேரும் வந்தோம். பெட்டியைப் பவானி கொண்டுபோனாள். அடுத்த செவ்வாய் தாள்கள் வந்தன. இந்த முறை பவானி வேகமாகப் புரட்டினாள், நான் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உயில் எழுத நினைத்த பெரியவருக்கு நூற்றைம்பது கூடியிருந்தது. ஒன்பது பேருக்கும் எண் பழைய இடத்துக்கோ அதற்கு மேலோ வந்துவிட்டது. வெண்மதிக்கு நூற்றுத் தொண்ணூற்றாறு. “பாரு, பாரு” என்று பவானி என் தோளைத் தட்டினாள். பிறகு கடைசித் தாளை எடுத்தவள் தட்டுவதை நிறுத்தினாள்.

இருநூற்று நாற்பத்தொன்று.

ஐஸால் இறங்கியது கொஞ்சம். மீதி நிஜமாகவே இறங்கியிருந்தது. பஸ்ஸில் நான் எதை வேண்டிக்கொண்டேனோ அது கிடைத்திருந்தது, எதற்காக வேண்டிக்கொண்டேனோ அது கிடைக்கவில்லை. குற்றமும் என்னுடையது, நோயும் என்னுடையது. டாக்டர் சத்யப்பிரியா உடனே வைரல் லோடுக்கு எழுதினார். ரிசல்ட் வர மூன்று வாரம் ஆகும் என்றார். “ஒரு நம்பர வெச்சி நான் எதுவும் சொல்லமாட்டேன்னு ஒங்களுக்கே தெரியும்” என்றும் சொன்னார். தெரியும். நூறு பேருக்கு நானே சொல்லியிருக்கிறேன்.

வராந்தா பெஞ்சில் தாளோடு உட்கார்ந்திருந்தபோது வெண்மதி போனில் கூப்பிட்டாள். அவளுடைய எண்ணைப் பவானி சொல்லிவிட்டாளாம். மூச்சு வாங்கப் பேசினாள். அண்ணன் ஸ்டாண்டில் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தானாம், எதற்கென்று யாருக்கும் சொல்லவில்லையாம். “மங்கலம்பேட்டக்காரரு போன் பண்ணாரு. எடுக்கமாட்டேங்கறான்” என்று சிரித்தாள். பிறகு, “ஒங்களுது எவ்ளோக்கா?” என்றாள்.

நானூறு என்று சொல்லிவிடலாம் போல இருந்தது. அவளுக்காகத்தான் சொல்கிறேன் என்று நினைத்துக்கொள்ளவும் முடியும்.

“எரநூத்தி நாப்பத்தொண்ணு.”

அந்தப் பக்கம் ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டே போனது.

“அப்ப ஒங்களுக்கு ஐஸ்னால இல்ல.”

“இல்ல.”

“பயமா இருக்காக்கா?”

“இருக்கு.”

“டாக்டரு?”

“இன்னொரு டெஸ்ட் எடுத்திருக்காங்க. மூணு வாரம் ஆவும்.”

“மூணு வாரமும் மாத்திர போடுவீங்கல்ல?”

ஆறுதல் சொல்கிற குரல் இல்லை அது. வீடு வீடாகப் போய், பதிலை நம்பாமல் நான் கேட்கிற கேள்வி. அதன் எதிர்ப்பக்கத்தில் இருப்பது இப்படித்தான் இருக்கும் என்று இத்தனை வருடத்தில் எனக்குத் தெரிந்திருக்கவில்லை. முதலில் கோபம் வந்தது. அது போன பிறகுதான் பதில் வந்தது.

“போடுவேன்.”

“வாயால சொன்னா ஆச்சா? டெய்லி போட்டதும் எனக்கு ஒரு மிஸ்டு கால் குடுங்க.”

“ஏய், நான் ஒன்னவிட எத்தினி வயசு பெரியவ தெரியுமா?”

“தெரியும் தெரியும். கால் வர்லன்னா அண்ணன ஆட்டோவோட அனுப்புவேன். இப்பவே சொல்லிட்டேன்.”